ஈறிலிருந்து தசை வளர்க்க முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல் வளர்ப்பு ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். பல் மருத்துவ மாணவர்கள், ஞானப்பல் பிடுங்கப் போகிறவர்கள், தசைச் சிதைவு நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர் என்று மூன்று தரப்பினர் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்களில் பெற்றோரை மனதில் வைத்துத்தான் பெரும்பாலான பதில்களை எழுதியிருக்கிறேன். நேரம் இல்லாதவர்கள் "டூஷேன்" என்ற தசைச் சிதைவு நோய் பற்றிய கேள்வியையும் அதற்குப் பின் வரும் இரண்டையும் முதலில் படித்துவிடுங்கள்.

வாய்த் திசுவிலிருந்து தசை வளர்ப்பது என்றால் என்ன?

ஈறு, பல்லுக்குள் இருக்கும் கூழ், பல்லை எலும்போடு பிணைத்திருக்கும் நார்ப்படலம் ஆகிய இடங்களில் கொஞ்சம் ஸ்டெம் செல்கள், அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய செல்கள், இருக்கின்றன. குருத்தணு என்றும் தமிழில் எழுதுகிறார்கள். நல்ல சொல்தான், இன்னும் விரியாத குருத்து. இவற்றைப் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி, ரசாயனச் சைகைகள் கொடுத்துத் தசைச் செல்லாக மாறும்படி தூண்டுகிறார்கள். அப்படி மாறியவற்றை, தசை அழிந்துபோன இடத்தில் வைத்துப் புதுத் தசை உண்டாக்குவதுதான் இலக்கு. முதல் பாதி ஓரளவுக்குக் கைவந்திருக்கிறது. இரண்டாம் பாதி இன்னும் விலங்குச் சோதனை அளவில் நிற்கிறது.

தசை தானாகவே ஆறிவிடுமே, அப்புறம் இது எதற்கு?

சின்னக் காயம் என்றால் தானாக ஆறும். அதற்கென்றே ஒவ்வொரு தசை நாரின் ஓரத்திலும் சில செல்கள் ஒட்டிக்கொண்டு தூங்குகின்றன. 1961 இல் அலெக்சாண்டர் மௌரோ என்பவர் தவளைத் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது அவற்றைக் கண்டு, துணைக்கோள் செல்கள் என்று பெயர் வைத்தார். தசையில் அடிபட்டால் அவை விழித்துப் பெருகி, ஒன்றோடொன்று கலந்து புது நாராகின்றன. பளு தூக்கிய மறுநாள் வலித்த கை சில நாளில் சரியாவதில் இவற்றுக்கும் பங்கு உண்டு.

ஆனால் இந்தச் சேமிப்புக்கு எல்லை உண்டு. ஒரு தசையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரேயடியாகப் போய்விட்டால், அந்தப் பள்ளத்தைத் தழும்புதான் நிரப்பும். தழும்பு சுருங்கி விரியாது. சாலை விபத்தில் தொடைச் சதை பிய்ந்துபோனவர்களுக்கு இதுதான் நிலை.

நம் ஊரில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. வெற்றிலைப் பாக்கு, புகையிலை, குட்கா என்று போய், வாய்ப் புற்றுநோயில் நாக்கின் பாதியை இழந்தவர்கள். இந்தியாவில் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்கு வாய்ப் புற்றுநோய் வருகிறது. வெட்டிய இடத்தில் முன்கையிலிருந்தோ தொடையிலிருந்தோ சதையும் தோலும் எடுத்துவைத்துத் தைக்கிறார்கள். பள்ளம் நிரம்பும், உயிரும் பிழைக்கும். ஆனால் வைத்த சதை நாக்கு மாதிரி அசையாது. ழகரமும் ளகரமும் வராது, சோற்றை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தள்ள முடியாது. அசையும் தசை ஒன்றை அங்கே வளர்த்துக் கொடுக்க முடிந்தால் அது எவ்வளவு பெரிய காரியம் என்று அவர்களோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டவர்களுக்குத் தெரியும்.

உடம்பில் எத்தனையோ இடம் இருக்க, ஏன் வாய்?

எளிதாகக் கிடைக்கிறது, எடுத்த இடம் சீக்கிரம் ஆறுகிறது. எலும்பு மஜ்ஜை எடுக்க இடுப்பெலும்பில் ஊசி இறக்க வேண்டும். ஈறு என்றால் மரத்துப்போக ஊசி போட்டு இரண்டு, மூன்று மில்லிமீட்டர் துண்டு எடுத்தால் போதும். வாய்க்குள் இருக்கும் காயம் தோல் காயத்தைவிட வேகமாகவும், தழும்பு அதிகம் இல்லாமலும் ஆறும் என்பது எல்லோருக்கும் அனுபவத்தில் தெரிந்ததே. கன்னத்தைக் கடித்துக்கொண்ட புண் எத்தனை நாள் இருக்கிறது? பிடுங்கிய ஞானப்பல், விழுந்த பால் பல், ஈறு அறுவையில் சீவி எடுத்த துண்டு எல்லாம் எப்படியும் குப்பைக்குத்தான் போகின்றன என்பது இன்னொரு வசதி.

இந்தத் துறை தொடங்கிய விதமும் அழகானது. 2000 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஸ்டான் கிரான்தோஸ், சாங்டாவ் ஷீ உள்ளிட்ட குழு, பிடுங்கப்பட்ட ஞானப்பற்களின் கூழில் ஸ்டெம் செல்கள் இருப்பதைக் காட்டியது. ஷீ குழந்தைகள் பல் மருத்துவமும் படித்தவர். அவருடைய ஆறு வயது மகளுக்குப் பால் பல் விழுந்தபோது அதற்குள் சிவப்பாக ஏதோ ஒட்டியிருப்பதைப் பார்த்தார். அடுத்துவிழுந்த பல்லை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். அதில் உயிருள்ள செல்கள் இருந்தன. 2003 இல் அந்த ஆய்வு வெளியானது. ஒரு பால் பல்லிலிருந்து கூட்டமாகப் பெருகக்கூடிய செல்கள் பன்னிரண்டு முதல் இருபது வரைதான் கிடைத்தன. ஆனால் அவை பெருகிய வேகம் பெரியவர்களின் பல்கூழ்ச் செல்களைவிட அதிகம். 2004 இல் பல்லைப் பிணைக்கும் நார்ப்படலத்திலும், 2009 இல் ஈறிலும் இதே போன்ற செல்கள் இருப்பது வெளிவந்தது.

என் கணிப்பில் இவற்றில் ஈறுதான் நல்ல மூலம். பல்லுக்கு ஒரு முறைதான் வாய்ப்பு. ஈறிலிருந்து தேவைப்பட்டால் மறுபடியும் எடுக்கலாம்.

ஈறு தசையாவது இயற்கையில் நடக்கிற காரியமா?

நடக்காது. இதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கரு வளரும்போது முதுகுப் பக்கம் நரம்புக் குழாய் மூடுகிற விளிம்பிலிருந்து ஒரு செல் கூட்டம் பிரிந்து பல திசைகளிலும் நடந்துபோகிறது. நரம்பு முகடு என்று அதற்குப் பெயர். பல்லின் கூழும் பல்லைச் சுற்றிய நார்ப்படலமும், ஈறின் இணைப்புத் திசுவில் பெரும்பகுதியும் அந்தக் கூட்டத்தின் வாரிசுகள். தசைகள் வேறு வம்சம். கருவின் நடுப்படலத்திலிருந்து வருபவை. தாடையை மூடித் திறக்கும் தசைகூட நடுப்படலத்தின் பிள்ளைதான், அதைச் சுற்றி உறைபோல இருக்கும் இணைப்புத் திசு மட்டும் நரம்பு முகட்டிலிருந்து வந்தது. ஆக, ஈறும் தசையும் ஒரே வாயில் அண்டை வீட்டுக்காரர்கள், ரத்த உறவு இல்லை.

அப்படியானால் எப்படி மாற்ற முடியும் என்ற நம்பிக்கை வந்தது? இரண்டு பழைய ஆய்வுகள் கதவைத் திறந்துவிட்டன. 1977 இல் தென்னாப்பிரிக்காவில், எலியின் சாதாரண இணைப்புத் திசுச் செல்களுக்கு 5-அசாசைட்டிடின் என்ற மருந்தைக் கொடுத்தபோது அவற்றில் சில சுருங்கித் துடிக்கும் தசையாக மாறின. மரபணுக்கள் மேல் ஒட்டியிருந்த பூட்டுகளை அந்த மருந்து கழற்றிவிட்டதுதான் காரணம் என்று பின்னால் புரிந்தது. 1987 இல் சியாட்டிலில் ஹரால்ட் வைன்ட்ராப் குழு, மையோடி என்ற ஒற்றை மரபணுவைச் செலுத்தியே அதே வகைச் செல்களைத் தசை முன்னோடிகளாக, அதாவது தசையாவதற்கு முந்தைய நிலைச் செல்களாக, ஆக்கியது. வம்சம் வேறானாலும் சரியான சாவி கிடைத்தால் திறக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஆனால் 5-அசாசைட்டிடின் ஒரு பூட்டை மட்டும் கழற்றாது, கண்ணில் பட்டதையெல்லாம் கழற்றும். அது ஒரு புற்றுநோய் மருந்து. அதைக் கொடுத்து மாற்றிய செல்லை நோயாளியின் உடம்பில் வைப்பதற்கு எனக்குத் துணிவு வராது.

ஆய்வகத்தில் படிப்படியாக என்ன செய்கிறார்கள்?

எடுத்த ஈறுத் துண்டை முதலில் நுண்ணுயிர்க்கொல்லி கலந்த உப்புக் கரைசலில் பல தடவை கழுவ வேண்டும். வாய் என்பது பாக்டீரியாவும் பூஞ்சையும் குடியிருக்கும் இடம். இந்த முதல் அரை மணி நேரத்தில் அவசரப்பட்டால் நான்கு நாள் கழித்துத் தட்டு முழுக்கக் கலங்கிப்போய்க் கிடக்கும். நான் ஆரம்பத்தில் வளர்த்த தட்டுகளை அப்படித்தான் இழந்தேன்.

அப்புறம் டிஸ்பேஸ் என்ற நொதியில் ஊறவைத்தால் மேல்தோல் உரிந்து வரும். கீழே இருக்கும் இணைப்புத் திசுதான் நமக்கு வேண்டியது. அதைப் பொடியாக நறுக்கி, கொலாஜனேஸ் நொதியில் 37 டிகிரியில் வைத்தால் நார் கரைந்து செல்கள் தனித்தனியாகப் பிரியும். அவற்றை வளர்ப்புத் தட்டில் ஊற்றி, 5 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு இருக்கும் இன்குபேட்டரில் வைப்பார்கள். பெரும்பாலானவை மிதந்து போய்விடும். ஒட்டிக்கொண்ட சில செல்கள் ஒரு வாரத்தில் சிறு சிறு கூட்டங்களாகும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மீடியம் மாற்ற வேண்டும். மீடியம் என்பது சர்க்கரை, அமினோ அமிலம், உப்பு, சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) எல்லாம் கலந்த திரவம். தட்டு நிரம்பப் போகும்போது பிரித்து வேறு தட்டுகளுக்கு நாற்று நடுவதுபோல் மாற்ற வேண்டும். ஆய்வகத்தில் அதைப் பாசேஜ் என்பார்கள். மூன்றாவது, நான்காவது பாசேஜில் செல்களை எடுத்து, மேற்பரப்பில் இந்த வகை ஸ்டெம் செல்லுக்குரிய சிடி73, சிடி90, சிடி105 என்ற புரத அடையாளங்கள் இருக்கின்றனவா, ரத்தச் செல்லின் அடையாளங்களான சிடி34, சிடி45 இல்லாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள்.

இவ்வளவும் செல்லைப் பெருக்குவது மட்டுமே. தசையாக்கும் கட்டம் இனிமேல்தான். பொதுவாகச் சீரத்தைக் குறைத்துவிடுவார்கள். வளர்ப்புத் தட்டில் சோறு குறைந்தால்தான் தசை முன்னோடிகள் பெருகுவதை நிறுத்திவிட்டு முதிர ஆரம்பிக்கும். 2 விழுக்காடு குதிரைச் சீரம் என்பது பழைய வழக்கம். அதோடு, செல்லை வளரவும் மாறவும் தூண்டும் வளர்ச்சிக் காரணிகள் என்ற புரதங்களும், செல்லுக்குள் குறிப்பிட்ட சைகைகளைத் தூண்டும் சிறு மூலக்கூறுகளும் சேரும். எதை எந்த நாளில் எந்த அளவில் சேர்ப்பது என்பதில் ஒவ்வொரு ஆய்வகத்துக்கும் ஒரு கைப்பக்குவம். ஒருவர் எழுதிவைத்த முறை இன்னொருவர் கையில் அப்படியே வராமல் போவதும் அதனால்தான்.

அடியில் இருக்கும் தளத்தின் மென்மையும் முக்கியம். 2006 இல் ஆடம் எங்லரும் டென்னிஸ் டிஷரும் காட்டியது இது: எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல்களை மூளை போன்ற மிருதுவான கூழில் வைத்தால் நரம்பின் சாயல், தசை அளவு இறுக்கத்தில் தசையின் சாயல், அதைவிடக் கடினமான தளத்தில் எலும்பின் சாயல். கண்ணாடிபோல் கடினமான பிளாஸ்டிக் தட்டில் வளர்த்துவிட்டுத் தசையாகவில்லையே என்று வருந்துவதில் நியாயம் இல்லை.

தசையாகிவிட்டது என்று எப்படித் தெரியும்?

இந்தத் துறையில் ஏமாறுகிற இடம் இதுதான். மாணவர்கள் இதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் புரதங்களைப் பார்ப்பார்கள். பேக்ஸ்7, மையோடி, மையோஜெனின், கடைசியாக மையோசின் கனச்சங்கிலி என்று தசை முதிரும் வரிசையில் அவை தோன்ற வேண்டும். சாயமேற்றிய எதிர்ப்புரதம் கொண்டு பார்த்தால் பச்சையும் சிவப்புமாக ஒளிரும். படம் மிக அழகாக இருக்கும், ஆய்விதழ் அட்டைக்கே போகும். ஆனால் ஒரு புரதம் ஒளிர்ந்ததை வைத்து அது தசை என்று சொல்லிவிட முடியாது. உதாரணமாக ஆல்ஃபா மென்தசை ஆக்டின் என்ற புரதம். தழும்பு உண்டாக்கும் செல்களிலும் அது தாராளமாக இருக்கும். ஈறுச் செல்லைக் கடினமான தட்டில் கொஞ்சம் அதிக நாள் விட்டாலே அந்தப் புரதம் தலைகாட்டும். அதைத் தசை என்று சொல்லி நோயாளிக்கு வைத்தால் நாம் கொடுத்தது தழும்பாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, உருவம். உண்மையான எலும்புத் தசை (எலும்பை இழுத்து உடம்பை அசைக்கும் தசை) நார் என்பது பல செல்கள் சுவர் கரைந்து ஒன்றாகக் கலந்த நீண்ட குழல், உள்ளே பல உட்கருக்கள். அப்படிக் குழலாகாமல் தனித்தனியாக நீண்டு கிடக்கும் செல்களைத் தசை என்று ஒப்புக்கொள்ளக் கூடாது. இங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. மனித ஈறுச் செல்களை எலியின் தசை முன்னோடிகளோடு சேர்த்து வளர்த்தால், எலிக் குழலுக்குள் மனித உட்கரு ஒன்றிரண்டு புகுந்துவிடும். படத்தில் ஈறுச் செல்லே தசையானதுபோலத் தெரியும். உண்மையில் அது எலி கட்டிய வீட்டுக்குள் குடிபோனது.

மூன்றாவது, குழலுக்குள் குறுக்கே வரி வரியான அமைப்பு தெரிய வேண்டும். நான்காவது, சின்ன மின்சாரத் துடிப்பு கொடுத்தால் சுருங்க வேண்டும். எலியின் தசை முன்னோடிகள் குழலாகி முதல் முறை வெட்டித் துடிப்பதை நுண்ணோக்கியில் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, மூச்சு நின்றுவிட்டது. ஈறுச் செல்லில் அந்த நிலை சுலபத்தில் வருவதில்லை. எந்த ஆய்வுக் கட்டுரையைப் படித்தாலும் "துடித்ததா?" என்று தேடிப் பாருங்கள். பல கட்டுரைகள் முதல் படியிலேயே நின்றுவிட்டிருக்கும்.

விலங்குகளில் என்ன நடந்திருக்கிறது?

பிரேசிலின் சாவ் பாவ்லோவில் இரினா கெர்கிஸ் குழு, பால் பல் கூழிலிருந்து எடுத்த மனிதச் செல்களை, பிறவியிலேயே தசைச் சிதைவு நோய் உள்ள கோல்டன் ரிட்ரீவர் நாய்க்குட்டிகளுக்குச் செலுத்தியது. 2008 இல் முடிவுகள் வந்தன. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து இல்லாமலேயே மனிதச் செல்கள் நாய்த் தசையில் தங்கியிருந்தன. இது பெரிய விஷயம். ஆனால் நோயால் இல்லாமல் போன டிஸ்ட்ரோஃபின் புரதம் உருவானது கொஞ்சம்தான்.

ஈறைப் பொறுத்தவரை லாஸ் ஏஞ்சலஸில் அலிரெசா மொஷாவெரினியா உள்ளிட்டோர் 2016 இல் செய்தது முக்கியமானது. ஈறுச் செல்களை ஆல்ஜினேட் கூழுக்குள் பொதிந்து, அந்தக் கூழிலிருந்தே வளர்ச்சிக் காரணிகள் மெதுவாகக் கசியும்படி செய்து, எலிக்குள் வைத்தார்கள். எலும்பு மஜ்ஜைச் செல்களைவிட ஈறுச் செல்கள் தசைத் திசையில் அதிகம் நகர்ந்தன. ஆல்ஜினேட் பழுப்புக் கடற்பாசியிலிருந்து வருவது. ராமநாதபுரம் கரையோரப் பெண்கள் மூழ்கி எடுக்கும் கட்டக்கோரையும் அந்தக் குடும்பம்தான்.

இந்த அணுகுமுறைதான் எனக்குச் சரியாகப் படுகிறது. செல்லை மட்டும் ஊசியில் ஏற்றிக் குத்தினால் பெரும்பகுதி சில நாளிலேயே செத்துவிடும். அதற்கு உட்கார ஓர் இடம் வேண்டும்.

செல் தசையாகாவிட்டாலும் பலன் உண்டு என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். அந்தப் பலன் தசையாக மாறுவதைவிடப் பெரியதாகவும் இருக்கலாம். 2008 இல் ஸ்பெயினில் மாரடைப்பு வந்த எலிகளின் இதயத்தில் மனிதப் பல்கூழ்ச் செல்களைச் செலுத்தினார்கள். இதயம் வேலை செய்வது மேம்பட்டது, அழிந்த பகுதி சிறுத்தது, புது ரத்தக் குழாய்கள் வந்தன. ஆனால் செலுத்திய செல் எதுவும் இதயத் தசையாக மாறியிருக்கவில்லை. அவை சுரந்த பொருட்கள்தான் அங்கே ஏற்கெனவே இருந்த செல்களைக் காப்பாற்றியிருக்கின்றன. இந்த வகைச் செல்களுக்கு 1991 இல் பெயர் வைத்த ஆர்னால்ட் கேப்லனே, "ஸ்டெம் செல்" என்ற பெயரை விட்டுவிட்டு "மருத்துவச் சைகைச் செல்" என்று சொல்லுங்கள் என்று 2017 இல் எழுதினார்.

ஆகவே ஈறுச் செல்லைக் கட்டடத்தின் செங்கல்லாக நினைப்பதைவிட, துணைக்கோள் செல்களைத் தட்டி எழுப்பி வேலை வாங்கும் மேஸ்திரியாக நினைப்பது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

மென்தசை, இதயத் தசை ஆகியவற்றை உண்டாக்க முடியுமா?

சிறுநீர்ப்பை, குடல், ரத்தக் குழாய் இவற்றின் சுவரில் இருப்பது மென்தசை. அதில் செல்கள் ஒன்றாகக் கலக்க வேண்டியதில்லை என்பதால் வேலை சுலபம். பல்கூழ்ச் செல்லுக்கு டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிக் காரணி கொடுத்தால் அந்தத் திசையில் நகர்கிறது. ஆனால் மேலே சொன்ன தழும்புச் செல் சிக்கல் இங்கேதான் அதிகம், ஏனென்றால் அதே காரணிதான் தழும்பையும் தூண்டுகிறது. இதயத் தசைக்கு வாய்ச் செல் நேரடியாக உதவும் என்று நான் நம்பவில்லை.

தடித்த தசையை வளர்ப்பதில் என்ன தடை?

ரத்தமும் நரம்பும். ரத்தக் குழாயிலிருந்து 100 முதல் 200 மைக்ரான் தூரத்துக்கு மேல் ஆக்சிஜன் பரவாது. அதாவது இரண்டு தலைமுடிக் கனம். அதற்கு அப்பால் இருக்கும் செல் மூச்சுத் திணறிச் சாகும். அதனால் காகிதம்போல் மெல்லிய தசை வளர்க்கலாம், கைப்பிடி அளவுத் தசைக்கு உள்ளே குழாய் வலை வேண்டும். நரம்பு வந்து இணையாத தசையோ நாளடைவில் மெலிந்து கொழுப்பாகிவிடும். நாக்கை நினைத்துப் பாருங்கள். எட்டு விதத் தசைகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னி, ஒவ்வொன்றும் நரம்பின் கட்டளைக்கு வெவ்வேறு பக்கம் இழுக்கின்றன. சதையை வளர்ப்பதைவிட அதற்குக் கட்டளை போய்ச் சேரும்படி செய்வது கடினம்.

மனிதர்களில் யாருக்காவது செய்திருக்கிறார்களா?

வாய்ச் செல்லிலிருந்து வளர்த்த தசை எந்த நாட்டிலும் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையாக இல்லை.

ஆனால் வாய்ச் செல்கள் வேறு வேலைகளில் மனிதர்களிடம் வெற்றி பெற்றிருக்கின்றன. ஜப்பானில் 2004 இல் கோஜி நிஷிடா குழு, நோயாளியின் சொந்தக் கன்னத்து உட்தோலிலிருந்து மெல்லிய செல் படலம் வளர்த்து, அவருடைய கண்ணின் கருவிழி மேல் வைத்துப் பார்வையை மீட்டது. 2021 இல் ஜப்பான் அரசு அந்த முறையில் ஒரு சிகிச்சைப் பொருளை அங்கீகரித்தது. சீனாவின் சியான் நகரில், அடிபட்டு உயிரிழந்த முன்பற்களுக்குள் குழந்தைகளின் சொந்தப் பால் பல் செல்களை வைத்து, உணர்வுள்ள கூழ் மீண்டும் வளர்ந்ததை 2018 இல் காட்டினார்கள். இரண்டிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு: மெல்லிய படலம் அல்லது மிகச் சிறிய இடம். தசைக்கு வரும் தடை எங்கே என்று இதிலிருந்தே புரியும்.

என் மகனுக்கு டூஷேன் தசைச் சிதைவு. இந்தச் சிகிச்சை அவனுக்கு உதவுமா?

இன்றைக்கு உதவாது. இப்படி எழுதுவது எனக்கு வலிக்கிறது, ஆனால் சுற்றிவளைத்துச் சொன்னால் உங்களுக்குத்தான் நட்டம்.

டூஷேன் என்பது டிஸ்ட்ரோஃபின் என்ற புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் பிழை. ஏறக்குறைய 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளுக்கு ஒருவர் இதோடு பிறக்கிறார். அவனுடைய சொந்த ஈறிலிருந்து செல் எடுத்தால் அதிலும் அதே பிழை இருக்கும், முதலில் அதைத் திருத்தியாக வேண்டும். வேறொருவர் செல் என்றால் உடம்பு ஏற்குமா என்ற கேள்வி வரும். இரண்டையும் தாண்டினாலும், நோய் ஒரு தசையில் இல்லை. கால், கை, முதுகு, மூச்சுவிடும் உதரவிதானம், இதயம் என்று எல்லாவற்றிலும் இருக்கிறது. ஊசி குத்திய இடத்திலிருந்து செல்கள் சில மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை. 1990களில் நல்ல தசை முன்னோடிகளையே இந்தச் சிறுவர்களுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். 1995 இல் வெளியான ஓர் ஆய்வில் 12 சிறுவர்களுக்கு ஒரு கையில் ஆறு மாதம் மாதாமாதம் செலுத்தியும் கை வலுப்பெறவில்லை. தசையின் சொந்தச் செல்லுக்கே அந்த நிலை.

இப்போது பலன் தருபவை வேறு. மரபணுப் பரிசோதனை செய்து பிழை எந்த இடத்தில் என்று எழுத்தில் வாங்கி வையுங்கள். புதிய மருந்துகளில் பல அந்த இடத்தைப் பொறுத்தே முடிவாகின்றன. ஸ்டீராய்டு மருந்தை நரம்பியல் மருத்துவர் சொன்ன அளவில் விடாமல் கொடுப்பது நடக்கும் வருடங்களை நீட்டிக்கிறது. அதைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. இதயத்துக்கு எக்கோ, மூச்சுக்குப் பரிசோதனை ஆகியவற்றை அவன் நன்றாக இருக்கும்போதே தொடங்குங்கள். கணுக்காலை நீட்டிவிடும் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள். தாய்க்கும் சகோதரிகளுக்கும் மரபணு ஆலோசனை கேளுங்கள், இதில் யாருடைய குற்றமும் இல்லை.

பணம் கட்டினால் ஸ்டெம் செல் ஊசி போடுவதாக ஓர் இடத்தில் சொல்கிறார்கள். போகலாமா?

போகாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017 இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டு நெறிகள்படி, ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்ற அங்கீகரித்த சிகிச்சை தவிர, மற்ற எல்லா ஸ்டெம் செல் பயன்பாடும் முறையான மருத்துவச் சோதனைக்குள் மட்டும்தான் நடக்கலாம். அதற்கு வெளியே கொடுப்பது நெறிக்கு விரோதம். சோதனை என்று சொன்னால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள், நீங்களே இணையத்தில் தேடிப் பாருங்கள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "சோதனை என்றால் ஏன் என்னிடம் பணம் கேட்கிறீர்கள்?"

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நிலத்தை விற்று மூன்று ஊசி போட்டது. பிள்ளை நடப்பதை நிறுத்திய மாதம் மாறவில்லை. சக்கர நாற்காலிக்குப் பணம் இல்லாமல் போனதுதான் மிச்சம்.

பால் பல்லைப் பல் வங்கியில் சேமித்து வைக்கலாமா?

வேண்டாம். அதே நெறிகளின்படி இந்தியாவில் வணிக முறையில் சேமிக்க அனுமதி உள்ளது தொப்புள்கொடி ரத்தத்துக்கு மட்டும். பல் உட்பட மற்ற எதற்கும் அனுமதி இல்லை. ஈறு எப்போதும் வாயிலேயே இருக்கிறது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் உண்மையாகவே தேவை வந்தால் அன்றைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

வைத்த செல் புற்றுநோயாகிவிடாதா?

ஈறு, பல்கூழ் செல்கள் எல்லையில்லாமல் பெருகுபவை அல்ல. சில பத்துப் பிரிவுகளுக்குப் பிறகு களைத்து நின்றுவிடும். அந்த வகையில் ஆபத்து குறைவு. ஆனால் அதிக பாசேஜ் ஓட்டிய செல், மரபணு செலுத்திய செல், பூட்டுக் கழற்றும் மருந்து கொடுத்த செல் இவற்றைக் குரோமோசோம் பரிசோதனை இல்லாமல் யாருக்கும் வைக்கக் கூடாது. புற்றுநோய்க்காக நாக்கு வெட்டியவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும். வளர்ச்சிக் காரணிகள் கசியும் கூழை அங்கே வைத்தால், மிச்சம் ஒளிந்திருக்கும் புற்றுச் செல்லுக்கும் அது தீனியாகலாம். அவர்களுக்குத்தான் தேவை அதிகம், அவர்களிடம்தான் ஆபத்தும் அதிகம்.

ஞானப்பல் பிடுங்கப் போகிறேன். ஆய்வுக்குக் கொடுக்க முடியுமா?

தாராளமாக. ஆய்வு நடக்கும் பல் மருத்துவக் கல்லூரியில் முன்கூட்டியே கேளுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி உள்ள ஆய்வா என்று பார்த்து, தமிழில் உள்ள ஒப்புதல் படிவத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பெயர் வெளியே போகாது, பணமும் கிடையாது. பல்லைப் பஞ்சில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டு மறுநாள் கொண்டுவந்தால் பயன்படாது, உலர்ந்த கூழில் உயிர் இருக்காது. ஸ்பிரிட்டிலோ ஃபார்மலினிலோ போட்டாலும் அப்படியே. பிடுங்கிய உடனே குளிர்ந்த மீடியத்தில் போட்டு ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வகத்துக்கு வர வேண்டும். அதனால் பிடுங்கும் நாளையும் நேரத்தையும் ஆய்வகத்துக்கு ஒரு நாள் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். காலை நேரமாக இருந்தால் நல்லது.